சேத்து சாரின் இடுப்புக் கயிறு

மெட்ராசில் பாம்பு வளர்க்கிறவருக்குக்கூட வாடகைக்கு வீடு கிடைத்துவிடும், பிள்ளைகளே. சேறு வளர்க்கிறவருக்குக் கிடைக்காது. அப்படிச் சேறு வளர்த்தும் வீடு கிடைத்த ஒரே மனிதர் எங்கள் சேத்து சார்தான். ஒரு தெருவையே அவரைப் போலப் பயத்தில் வைத்திருந்த ஆளை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. இத்தனைக்கும் அவர் யாரையும் அதட்டிப் பேசியவர் இல்லை. ஈயை விரட்டும்போதுகூட ‘கொஞ்சம் தள்ளி உட்காரேன்’ என்பது போலத்தான் கையை அசைப்பார்.

எழுபதுகளின் தொடக்கம் அது. நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ரயிலேறி வந்து, தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் வேட்டி செக்‌ஷனில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு மீசைகூடச் சரியாக அரும்பவில்லை. ஆனாலும் அந்தப் பக்கத்திலிருந்து வந்து கடையில் நின்றால் மெட்ராசில் அண்ணாச்சிதான். சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் நான் அண்ணாச்சி. மந்தைவெளியில் ஒரு பெரிய வீட்டின் வாசலோரத்து அறையில் குடியிருந்தேன்.

அந்த வீட்டுக்காரரிடம் கார் இல்லை. கார் ஷெட் மட்டும் இருந்தது. ஷெட்டையும் அதை ஒட்டிய போர்ஷனையும் சேர்த்து வாடகைக்கு எடுத்துக்கொண்டு சாரும் அவர் மனைவியும் வந்தார்கள். சார் ஒரு கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்தார். மேல்பட்டத்துக்காக ஆராய்ச்சியும் செய்துகொண்டிருந்தார். குடிவந்த அன்று கைவண்டியிலிருந்து பண்ட பாத்திரமெல்லாம் இறங்கிய பிறகு, கடைசியாகக் கண்ணாடித் தொட்டிகள் இறங்கின. உள்ளே கறுகறுவென்று ஏதோ மினுமினுத்தது.

“இன்னா சார் இது?” என்றார் வீட்டுக்காரர்.

“சேறு.”

“எந்தச் சேறு?”

“அடையாறு கடல்ல கலக்கற இடத்துச் சேறு. ரொம்ப நன்னா இருக்கும்.”

“இன்னாத்துக்கு?”

“பாத்துண்டிருக்க.”

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் முருங்கை மரத்தைப் பார்த்தேன். அட்வான்ஸ் அவர் பைக்குள் போய்விட்டது. அதனால் தொட்டிகள் ஷெட்டுக்குள் போயின. சாயங்காலத்துக்குள் ஷெட்டிலிருந்து அழுகிய முட்டை வாசனை கிளம்பி, தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தது. அன்று விழுந்த பெயர்தான் சேத்து சார். அவருடைய சொந்தப் பெயர் தபால்காரருக்கு மட்டும் தெரியும்.

ஒரு நாள் சார் என்னைக் கூப்பிட்டுத் தொட்டியைக் காட்டினார். கண்ணாடியை ஒட்டிக் குனிந்தேன். கறுப்புச் சேற்றுக்குள் குறுக்கும் நெடுக்கும் சந்துகள். ஒவ்வொரு சந்தின் ஓரத்திலும் துருப்பிடித்தது போல ஒரு பழுப்புக் கோடு. ஒரு சந்துக்குள் ஏதோ நெளிந்தது. நான் இரண்டடி பின்னால் வந்துவிட்டேன்.

“புழுதான்” என்றார் சார். “தலையைக் கீழே வச்சுண்டு அடிச்சேத்தைத் தின்னும். வாலை மேலே நீட்டி வெளிக்குப் போகும். அதனால கீழ்ச்சேறு மேலே வந்துடும். மேல்சேறு கீழே இறங்கிடும். போற வழியில காத்தும் தண்ணியும் உள்ளே போகும். அந்தப் பழுப்பெல்லாம் காத்து பட்ட இடம். கடலோட தரை பூரா இதே வேலைதான் நடந்துண்டிருக்கு, அண்ணாச்சி. நண்டு, எறா, புழு எல்லாம் சேர்ந்து ராப்பகலா உழுதுண்டிருக்கு. அது உழலைன்னா அடியில ஒண்ணுமே உயிரோட இருக்காது.”

“சாப்பிடற வேளையில என்ன பேச்சு இது?” என்று உள்ளேயிருந்து மாமியின் குரல் வந்தது. சாரின் மனைவியை நாங்கள் மாமி என்றுதான் கூப்பிடுவோம்.

உங்களுக்கு இதைக் கேட்டால் சிரிப்பு வரும். எனக்கு வந்தது பயம். தரை என்றால் போட்ட இடத்தில் கிடக்கும் என்று நம்பி வளர்ந்தவன் நான். எங்கள் ஊரில் பாறையும் செம்மண்ணும்தான். அவை ஒருநாளும் இடம் மாறினது கிடையாது. இங்கே ஒரு மனிதர், கடலுக்கு அடியில் தரையே புரண்டு புரண்டு படுக்கிறது என்று சிரித்த முகமாகச் சொல்கிறார். அன்றைக்குப் பாயை விரித்துப் படுத்தபோது, முதுகுக்குக் கீழே இருக்கிற சிமெண்டுத் தரையைக் கையால் ஒருமுறை தட்டிப் பார்த்துக்கொண்டேன்.

என் பயமாவது என்னோடு போயிற்று. வீட்டுக்காரரின் பயம் வீட்டையே தோண்டியது. சார் ஒரு தொட்டியில் சேற்றின் மேல் செங்கல் தூளைப் பரப்பியிருந்தார். வெளியிலிருந்து பார்த்தால் வேட்டிக்குச் சிவப்புக் கரை போட்டது போல அழகாக இருந்தது. சில வாரங்களில் கரை மங்கியது. அப்புறம் காணவே காணோம். அடியில் ஒரு சாண் ஆழத்தில் அங்கங்கே சிவப்புப் பொட்டுகள் தெரிந்தன.

“மேல போட்டது எங்க சார் போச்சு?” என்றார் வீட்டுக்காரர்.

“கீழே போயாச்சு.”

“யாரு தள்ளினாங்க?”

“யாரும் தள்ளலை. அடியிலேர்ந்து எடுத்து எடுத்து மேலே போட்டா, மேலே இருந்தது தானா உள்ளே போயிடும். ஒரு கல்லை வச்சாலும் போயிடும். காசை வச்சாலும் போயிடும்.”

“வூடு?”

சார் பொய் சொல்லத் தெரியாதவர். “சேத்து மேல கட்டியிருந்தா, நிறையக் காலம் குடுத்தா, அதுவும் எறங்கலாம்” என்றார்.

அவ்வளவுதான். மறுநாள் காலையில் கூடத்தின் நடுவே ஒரு பெரிய தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டு, வீட்டுக்காரர் அதன் பக்கத்தில் குந்தியிருந்தார். தண்ணீர் ஒரு பக்கமாகச் சாய்கிறதா என்று பார்க்கிறாராம். தாம்பாளம் வாரக்கணக்கில் அங்கேயே இருந்தது. வந்தவர் போனவரெல்லாம் அதில் கால் இடறி விழுந்தார்கள். கொத்தனாரைக் கூட்டி வந்து அஸ்திவாரத்தைத் தட்டிப் பார்க்கச் சொன்னார். கொத்தனார் ஒரு எலி வளையைக் கண்டுபிடித்தார். வீட்டுக்காரர் நேரே ஷெட்டுக்குப் போய், “உங்க ஆளுங்க எல்லாம் உள்ளதான் கீறாங்களா, எண்ணிச் சொல்லுங்க” என்றார்.

பிறகு ஒரு சாயங்காலம் கரண்டு போனது. நான் கடையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். இருட்டிக்கிடந்த ஷெட்டுக்குள்ளிருந்து ‘டக்’ என்று ஒரு சத்தம். சிலேட்டை முறித்தது போல. கழற்றின செருப்பைத் திரும்ப மாட்டிக்கொண்டேன். வீட்டுக்காரர் கையில் விறகுக்கட்டையோடு வந்தார்.

“யார்ரா அது?”

‘டக்.’

“மருவாதியா வெளிய வந்துரு.”

‘டக் டக்.’

“அண்ணாச்சி, நீ உள்ள போய்ப் பாரு.”

“நீங்கதான வீட்டுக்காரர்” என்றேன். பயத்தில்கூடச் சில சமயம் நியாயம் பேச வந்துவிடுகிறது.

சார் அரிக்கேன் விளக்கோடு வந்தார். “எறாதான்” என்றார். “சேத்துக்குள்ள வளை தோண்டிண்டு இருக்கும். ஒரு கொடுக்கு மட்டும் பெரிசு. அதை மடக்கி விட்டா இந்தச் சத்தம். பக்கத்துல வர சின்ன மீனெல்லாம் மயங்கி விழுந்துடும்.”

“மனுசனுக்கு?”

“மனுஷாளுக்கு ஒண்ணும் ஆகாது” என்று சார் சொல்லித் திரும்பியபோது வீட்டுக்காரர் ஏற்கெனவே தரையில் உட்கார்ந்திருந்தார். மாமி ஓடிவந்து மோர் கொடுத்தார்.

மாமிக்குத் தொட்டிகளைப் பார்த்துப் பயமே கிடையாது. பக்கத்தில் உட்கார்ந்து அரிசி பொறுக்குவார். அவருடைய பயம் வேறு. வாரா வாரம் சார் ஆறு கடலில் சேரும் இடத்துக்குப் போய், தண்ணீர் வற்றியிருக்கும் நேரம் பார்த்துச் சேற்றில் இறங்கி நடப்பார். ஒரு தடவை ஒற்றைச் செருப்போடு வந்தார். இன்னொரு தடவை செருப்பே இல்லாமல், தொடை வரை சேற்றோடு வந்தார். மாமி அப்போது மாசமாக இருந்தார். கல்யாணமாகி வெகு காலம் காத்திருந்து உண்டான பிள்ளை. அந்தச் சேறு ஒரு நாள் இவரை வைத்துக்கொள்ளும், திருப்பித் தராது என்ற நினைப்பு மாமியைத் தூங்க விடவில்லை.

“உங்க புழு மேல எனக்கு ஒரு கோவமும் இல்லை” என்று ஒரு நாள் வாசலில் வைத்தே சொன்னார். “அது அதோட எடத்துல இருக்கு. நீங்க ஏன் அங்கே போய் நிக்கறேள்? போகாம இருக்க முடியாதுன்னா கயிறு கட்டிண்டு போங்கோ.”

சார் சிரித்தார். மாமி சிரிக்கவில்லை. மார்க்கெட்டிலிருந்து புதுக் கிணற்றுக் கயிறு ஒன்று வந்து இறங்கியது. மாமி போட்ட சட்டம் இதுதான். வீட்டில் வைத்து மாமிதான் முடிச்சுப் போடுவார். திரும்பி வந்ததும் மாமிதான் அவிழ்ப்பார். நடுவில் யாரும் தொடக் கூடாது. மறுமுனையை ஒரு ஆள் கெட்டித் தரையில் நின்று பிடித்துக்கொள்ள வேண்டும்.

“ஒரு மரத்துல கட்டிக்கறேனே” என்றார் சார்.

“மரம் இழுக்குமா?” என்றார் மாமி.

ஆள் யார் என்று பேச்சு வந்தது. வீட்டுக்காரருக்கு அந்த நிமிஷமே முதுகு பிடித்துக்கொண்டது. “அண்ணாச்சி கீறாரே” என்றார் முனகிக்கொண்டு. “ஞாயித்துக்கிழமை கடை லீவு. கல்யாணமும் ஆவல. ஏதானா ஒண்ணுன்னா அழறதுக்கும் இங்க ஆள் இல்ல.”

இப்படித்தான், எனக்கு அழ ஆளில்லை என்ற தகுதியில் அந்த வேலை எனக்குக் கிடைத்தது.

மாமி முடிச்சு போட்டால் போட்டதுதான் என்பதால், மந்தைவெளியிலேயே சாரின் இடுப்பில் கயிறு ஏறிவிடும். அப்படியே பஸ்ஸில் போவோம். சார் முன்னால் ஏறுவார். கயிற்றைப் பிடித்துக்கொண்டு நான் பின்னால் ஏறுவேன். முதல் நாள் கண்டக்டர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இன்னா நைனா, இவரை எங்க ஓட்டிக்கினு போற?”

“அடையாத்துக்கு.”

“கடிப்பாரா?”

“மாட்டார். காலேஜ் வாத்தியார்.”

“அப்ப இன்னாத்துக்குக் கயிறு?”

சார் ஜன்னலிலிருந்து திரும்பி, “ஆத்துக்காரி கட்டினது” என்றார்.

கண்டக்டர் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். “சம்சாரம் கட்டினதா. அப்ப நாம பேசறதுக்கு ஒண்ணுமில்ல” என்று சொல்லி, பக்கத்திலிருந்த ஆளை எழுப்பி எனக்கும் இடம் வாங்கிக்கொடுத்தார்.

பஸ்ஸில் சிரித்ததெல்லாம் ஆற்றோரம் போனதும் வடிந்துவிடும். பிள்ளைகளே, நீங்கள் யாரும் துணை இல்லாமல் அப்படிப்பட்ட இடத்துக்குப் போய்விடாதீர்கள். இதை அப்பன் என்ற முறையில் சொல்கிறேன். அங்கே ஆள் நடமாட்டம் அதிகம் கிடையாது. வானம் ரொம்பப் பெரிதாக இருக்கும். தண்ணீர் இறங்கிப்போன சேறு ஈரத்தோல் போலப் பரந்து கிடக்கும். அதன் மேல் முழுக்கச் சின்னச் சின்னக் கூம்புகள், ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு ஓட்டை. சும்மா இருக்கிற ஓட்டை திடீரென்று கொஞ்சம் சேற்றைத் துப்பும். அப்புறம் தூரத்தில் இன்னொன்று துப்பும். கீழே ஏதோ ஒன்று மூச்சு விடுகிறது போல இருக்கும். நான் கயிற்றை இரண்டு கையிலும் சுற்றிக்கொண்டு, கரையில் வேர்த்து விறுவிறுத்து நிற்பேன். சார் ஒவ்வொரு காலையும் பிடுங்கிப் பிடுங்கி வைத்துப் போவார். அந்தப் பிடுங்கும் சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது. காலைச் சேறு முதலில் பிடித்துப் பார்த்துவிட்டு, போனால் போகிறதென்று விடுவது போன்ற சத்தம்.

அந்த வருஷம் மழைக்கு முன்னால் சார் சேற்றின் மேல் ஒரு சதுரம் அளந்து, நாலு மூலையிலும் மூங்கில் குச்சி நட்டு, செங்கல் தூள் பரப்பியிருந்தார். தொட்டியில் பார்த்தது நிஜ இடத்தில் எவ்வளவு ஆழம் போகிறது என்று பார்க்க வேண்டும். மழை விட்டதும் ஒரு இரும்புக் குழாயை அதில் இறக்கி, உள்ளே இருக்கிற சேற்றை அடுக்குக் குலையாமல் எடுத்து வர வேண்டும். அதற்குள் மாமிக்கு மாசம் நிறைந்துவிட்டது.

அன்று ஞாயிற்றுக்கிழமை காலை மாமி குனிய முடியாமல் சாரைப் பிரம்பு மோடாவின் மேல் ஏறி நிற்கச் சொல்லித்தான் முடிச்சுப் போட்டார். பிறகு என்னிடம் வந்தார்.

“விட்டுடாதீங்கோ, அண்ணாச்சி” என்றார். சத்தம் போட்டிருந்தால்கூட எனக்குத் தைரியமாக இருந்திருக்கும்.

பஸ்ஸில் போகும்போதே என் உள்ளங்கை நனைந்துவிட்டது. வேட்டியில் துடைத்தேன். மறுபடி நனைந்தது. இந்தக் கையை நம்பி ஒரு பிறக்காத பிள்ளையின் அப்பாவை எப்படி ஒப்படைப்பது என்று யோசித்து யோசித்து, கரைக்குப் போனதும் ஒரு காரியம் செய்தேன். கயிற்றின் மறுமுனையை என் இடுப்பிலேயே கட்டிக்கொண்டேன். கடையில் பார்சலுக்குப் போடுகிற முடிச்சு. இழுக்க இழுக்க இறுகும். இனிமேல் நான் நினைத்தால்கூட விட முடியாது. எனக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது.

ஆற்று வெள்ளம் கரையையும் சேற்றையும் கலைத்துப் போட்டிருந்தது. குச்சிகள் முன்பு இருந்ததைவிடத் தள்ளித் தெரிந்தன.

“கயிறு எட்டலை” என்றார் சார் திரும்பிப் பார்க்காமல். “இன்னும் ஒரு எட்டு வாங்கோ.”

வைத்தேன்.

“இன்னும் கொஞ்சம்.”

இன்னும் கொஞ்சம் வைத்தேன். கெட்டித் தரை எப்போது என் காலுக்குப் பின்னால் போனது என்று எனக்குத் தெரியவில்லை. சார் குச்சிகளுக்கு நடுவே போய்க் குழாயை இறக்கினார். அவர் முகம் கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்கிறவர் முகம் போல மலர்ந்திருந்தது. அப்புறம் அவர் குட்டையானார்.

“சார், நீங்க இறங்குதீங்க.”

“தெரியறது. இருங்கோ, குழாய் வந்துடும்.”

முழங்கால் போயிற்று. தொடை போயிற்று. காலை எடுக்க அவர் ஒரு உதறு உதறினார். கயிறு விறைத்தது. என் இடுப்பை யாரோ எட்டி உதைத்தது போல இருந்தது. முகம் குப்புற விழுந்து, வழுக்கிக்கொண்டே போய், எழுந்து நின்றேன். நின்றதுதான் தப்பு. சேறு தொடை வரைக்கும் என்னை வாங்கிக்கொண்டது. ஒரு காலைத் தூக்கினால் மறுகால் இறங்கியது. உள்ளே பிடிமானமே இல்லை. ஆறிப்போன கஞ்சிக்குள் நிற்பது போலச் சில்லென்று இருந்தது. நான் அம்மாவைக் கூப்பிட்டேன். அவர் ஊரில் இருந்தார்.

அப்போதுதான் கடல் பக்கம் பார்த்தேன். தண்ணீர் திரும்பிக்கொண்டிருந்தது. அலையாக இல்லை. விரிப்பு விரிக்கிற மாதிரி, சத்தமே இல்லாமல், ஓரத்தில் கொஞ்சம் நுரையோடு வந்துகொண்டிருந்தது.

சார் என்னைப் பார்த்தார். என் இடுப்பைப் பார்த்தார்.

“கையில பிடிச்சுக்கலையா?”

“கட்டியிருக்கேன் சார்.”

“ஏன்?”

“கை வேர்க்குது சார்.”

“அவுத்துட்டுக் கரைக்குப் போங்கோ.”

“அவுராது சார். பார்சல் முடிச்சு.”

சாரின் முகத்தில் பயம் வந்து நான் அன்றுதான் பார்த்தேன். இத்தனை நாள் பயப்படாத ஆள் பயந்ததைப் பார்த்து, என்னிடம் மிச்சமிருந்த கொஞ்சம் தைரியமும் போய்விட்டது. அது அவர் தனக்காகப் பட்ட பயம் இல்லை என்பது எனக்கு வெகு நாள் கழித்துத்தான் புரிந்தது.

அவர் சட்டென்று பார்வையைத் தாழ்த்திச் சேற்றைப் பார்க்க ஆரம்பித்தார். ஷெட்டில் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பாரே, அதே பார்வை.

“போன தடவை இந்த இடம் இப்படி இல்லை” என்றார். “வளை தோண்டற எறா இங்கே குடி வந்துடுத்து. பூராத் தோண்டிப் போட்டிருக்கு. அதான் கொழகொழன்னு இருக்கு.”

“சார், பாடத்தை அப்புறம் நடத்துங்க.”

“கேளுங்கோ, அண்ணாச்சி. தோண்டிண்டே திரியற பிராணி இருக்கற இடம் தளர்ந்து போயிடும். குழாய் மாதிரி வீடு கட்டிண்டு ஒரே எடத்துல ஒக்காந்திருக்கற புழுவும் உண்டு. அது இருக்கற இடம் இறுகிடும். உங்க இடது கைப் பக்கம் பாருங்கோ. துடைப்பக்குச்சியை ஒடிச்சு நட்ட மாதிரி ஏதாவது இருக்கா?”

பார்த்தேன். ஒரு பாய் அகலத்துக்குச் சேற்றிலிருந்து குச்சி குச்சியாக நீட்டிக்கொண்டிருந்தது.

“இருக்கு சார்.”

“அதுல கிளிஞ்சல் தூள் ஒட்டிண்டிருக்கா?”

“இருக்கு.”

“அது புழு வீடு. நிக்காதீங்கோ. நெஞ்சைக் கீழே போட்டுப் படுத்துண்டு, நீந்தற மாதிரி அதுமேல போய் ஏறுங்கோ.”

“புழு மேலயா?”

“அது உங்களை ஒண்ணும் கேக்காது. போங்கோ.”

யோசித்துப் பாருங்கள். தெருவே பைத்தியம் என்று சொல்கிற மனிதர், புழுவை நம்பிப் படு என்கிறார். எனக்கு நீந்தவும் தெரியாது. பின்னால் தண்ணீர் வருகிறது. படுத்தேன். சேறு வாயில் போனது, மூக்கில் போனது. கால் ஒவ்வொன்றாகக் கழன்று வந்தது. வேட்டி வரவில்லை. வேட்டி செக்‌ஷனில் வேலை பார்த்தவனின் வேட்டி அங்கேயே தங்கிவிட்டது. கையை வீசி வீசிப் போனேன். நாலு தடவை வெறும் கஞ்சிதான் அகப்பட்டது. அடுத்த தடவை விரலில் சொரசொரவென்று பட்டது. வாசலில் போடுகிற தேங்காய் நார் மிதியடியைத் தொட்டது போல. முழங்கையை ஊன்றினேன். தாங்கியது. முட்டியை ஊன்றினேன். தாங்கியது. அந்தப் புழுக்களைக் கும்பிட வேண்டும் போல இருந்தது. ஆனால் கை முழுக்கச் சேறு.

“ஏறிட்டேன் சார்.”

“பேஷ். இப்ப இழுங்கோ.”

சேறு பூசிய கயிறு கைக்குள் நிற்கவே இல்லை. விலாங்கு மீன் போல நழுவியது. அதனால் திரும்பிக்கொண்டு, நாலு காலில் மாடு போல, இடுப்பால் இழுத்தேன். முடிச்சு வயிற்றில் இறுகியது. சார் மல்லாக்கப் படுத்துவிட்டார். ஆனால் வரவில்லை. திரும்பிப் பார்த்தால், இரண்டு கையாலும் குழாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

“குழாயை விடுங்க சார்.”

“இதுக்குள்ளதான் இந்த மழைக்காலமே இருக்கு, அண்ணாச்சி.”

“சார், மாமிக்கு நாள் நெருங்கிட்டு.”

தண்ணீர் அவர் காதைத் தொட்டது. பிறகு கயிறு லேசாகிவிட்டதை என் இடுப்புதான் முதலில் தெரிந்துகொண்டது.

பக்கத்து ஓடைக்குள் கையால் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்த குப்பத்து ஆள் ஒருவர், கழுத்தில் தொங்கிய பானையோடு, கால் புதையாத இடமாகப் பார்த்து ஓடிவந்து கயிற்றைப் பிடித்தார். இரண்டு பேருமாக இழுத்தோம். சார் எங்கள் பக்கத்தில் வந்து விழுந்தார்.

“இன்னா நைனா,” என்றார் அந்த ஆள் மூச்சு வாங்கிக்கொண்டு, “ரெண்டு பேரும் ஒரே கயித்துல கட்டிக்கினு கீறீங்க. எதுனா வேண்டுதலா?”

அவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து என்னிடம் நீட்டி, “முதல்ல இதைக் கட்டு. படகுல பொம்பளைங்க வராங்க” என்றார்.

அந்தக் கோலத்தில் எங்களை எந்த பஸ்ஸும் ஏற்றவில்லை. மந்தைவெளி வரை நடந்தோம். சார் முன்னால், நான் பின்னால், நடுவில் கயிறு. நாய்கள்கூடக் குரைக்காமல் ஒதுங்கி நின்றன.

“நீங்க கட்டிண்டது தப்பு, அண்ணாச்சி” என்றார் சார் நடந்துகொண்டே. “ரெண்டு பேரும் போயிருப்போம்.”

“ஆமா சார்.”

“இனிமே கட்டிக்கப்படாது.”

“சரி சார்.”

வாசலில் மாமி நின்றிருந்தார். எங்களைப் பார்த்ததும் முதலில் முடிச்சில்தான் கை வைத்தார். சேறு காய்ந்து அது கல்லாகியிருந்தது. அரிவாள்மணையைக் கொண்டு வந்து இரண்டு பேர் கயிற்றையும் அறுத்துவிட்டார். எங்கள் எதிரே நின்று ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. சாரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “குழாய் எங்கே?” என்றார்.

“விட்டுட்டேன்.”

அப்போதுதான் மாமி அழுதார். வீட்டுக்காரர் வெந்நீர் அண்டாவைத் தூரத்திலேயே வைத்துவிட்டு, “ஒடம்புல எதுவும் ஒட்டிக்கினு வந்துடலியே, நல்லாப் பாத்து ஊத்திக்கிங்க” என்றார்.

அந்த வாரமே பெண் குழந்தை பிறந்தது. சார் அதற்கப்புறம் பல ஞாயிற்றுக்கிழமைகள் ஷெட்டை விட்டு வெளியே போகவில்லை. தொட்டிக்கு முன்னால் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். குழந்தையையும் பார்க்க மாட்டார், தொட்டியையும் பார்க்க மாட்டார். தெரு முதல் தடவையாகப் பயமில்லாமல் இருந்தது. எனக்குத்தான் அது பிடிக்கவில்லை. மாமிக்கும் பிடிக்கவில்லை போல. ஒரு நாள் அவரே மார்க்கெட்டுக்குப் போய், முன்னதைவிட நீளமாகப் புதுக் கயிறு வாங்கி வந்தார்.

“போயிட்டு வாங்கோ” என்றார். “அந்தக் குச்சிப் புழு இருக்கற எடத்துலயே நில்லுங்கோ.” பிறகு என் பக்கம் திரும்பி, “நீங்க கையிலதான் பிடிச்சுக்கணும், அண்ணாச்சி. கட்டிண்டேள்னு தெரிஞ்சா எனக்குக் கெட்ட கோவம் வரும். நீங்களும் ஒருத்தி பெத்த பிள்ளை” என்றார்.

“சரி மாமி” என்றேன்.

தெரு திரும்பினதும் கயிற்று முனையை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டேன். இந்தத் தடவை இழுத்தால் அவிழ்கிற முடிச்சு. ஆனாலும் கட்டிக்கொண்டேன். சார் திரும்பிப் பார்த்தார். கயிறு என்னை இழுக்காத அளவுக்கு நடையைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தார்.